சிஸ்டரின் கார் நிற்காமல் போனது ஏன்

இதை எழுதத் துணிந்ததற்காக, வாசிக்கும் பெரியோர்கள் அனைவரும் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கதை எழுதிப் பழகிய கை அன்று இது. இலக்கணம் முறையாகப் படித்ததுண்டு. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு பெற்றதுண்டு. அதற்கு மேல் தகுதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு காரின் பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டு அதிலிருந்து நான்கு பேருக்கு நல்லது சொல்லப் புறப்படுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நகைத்துக்கொண்டாவது இறுதிவரை வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாத ஒரு குடும்பத்தில் ஓர் இளம்பெண்ணின் கை முறிந்தது எப்படி என்பதே செய்தி.

ஒரு விடுமுறை நாள் காலை. மாடியும் கீழுமாக இரண்டு குடும்பங்கள் வாழும் வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில், நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்ட ஒரு கார் இரும்புத் தாங்கிகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிப் போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் தலைமைச் செவிலியராகப் பணியாற்றும் பெண்மணியின் கால்கள்.

தெருவில் அவரை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைப்பார்கள். அவருடைய கணவரே, வாசலில் யாராவது வந்து கேட்டால், "சிஸ்டர் வீட்டில இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஆகவே நாமும் அவ்வாறே அழைப்பதில் தவறில்லை.

அந்தக் கார், வெளிநாடு சென்றுவிட்ட ஒரு மயக்க மருந்து நிபுணர் மருத்துவமனைக் கொட்டகையில் விட்டுச் சென்றது. ஆண்டுக்கணக்காக ஓடாமல் கிடந்ததில் பிரேக் முழுவதும் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக்தான் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னபோது, "அப்ப பிரேக்கைச் சரிபண்ணினா போதும்ல" என்று கேட்டவர் சிஸ்டர் ஒருவர்தாம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்.

அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் அது காரா, நோயாளியா என்று ஐயம் வரும். மருத்துவமனை கழித்துப்போட்ட எஃகுத் தட்டுகளை வரிசையாக வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித் தட்டு. இறுகிப்போன பிஸ்டனைச் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து வெளியே தள்ளி, மடித்த துணியில் பிள்ளையைப் பிடிப்பதுபோல் ஏந்திக்கொள்வார். ரப்பர் சீல்களைத் தொடுவதற்கு முன் கையுறையை மாற்றுவார். பாகங்களைக் கழுவுவதற்கு ஸ்பிரிட்டைத் தவிர வேறெதையும் அருகில் அண்டவிடமாட்டார்.

இதைத்தான் கீழ்வீட்டுப் பெரியவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் சிஸ்டரின் கணவருக்கு உடன்பிறந்த அண்ணன். பேருந்துப் பணிமனையில் நீண்ட காலம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவர் முகத்துக்கு முன்னால் பெரியவர். முதுகுக்குப் பின்னால் டிப்போ. யாருக்கு எந்த வண்டி, யாருக்கு எந்த நாள் விடுப்பு என்று முடிவுசெய்யும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்பதால், வண்டி என்று எது வந்தாலும் தம்மைக் கேட்காமல் அதன் சக்கரம் சுழலக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அன்றும் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, மேற்பார்வையைத் தொடங்கிவிட்டார்.

"ஏம்மா, ஸ்பிரிட்டுல கழுவுறியே, ஊசி போடப்போறியா? நாலு சொட்டு பெட்ரோலை ஊத்திக் கழுவினா பளபளன்னு ஆயிடும்."

"இரும்பு பளபளன்னு ஆகும் மாமா. ரப்பர் ஊறிப்போயிடும்."

"முப்பது வருஷம் பஸ்ஸோட குடித்தனம் நடத்தினவன் நான்."

"உங்க பஸ்ஸுக்குக் காத்து பிரேக் மாமா, இதுக்கு ஆயில் பிரேக். இதுல காத்து புகுந்தா நிக்காது. ரெண்டும் வேற வேற வியாதி."

காருக்கு அடியிலிருந்து வந்த அந்தப் பதிலைக் கேட்டுப் பெரியவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த கணவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அவர் ஒரு கல்லூரியில் நூலகர். பிறவியிலேயே மெல்லப் பேசுபவர். தொழிலும் அப்படியே வாய்த்துவிட்டது. அண்ணன் எதிரில் அந்த மெல்லிய குரலும் பாதியாகிவிடும். தகப்பனார் இளவயதில் இறந்தபின் படிக்கவைத்து ஆளாக்கியவர் அண்ணன் என்பதால், அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அந்த நூலகர் அறியார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அண்ணன் சொன்னால், ஜன்னலைத் திறந்து பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்.

இப்போது அவருக்குத் தரப்பட்டிருந்த வேலை பிரேக் பெடலை மிதிப்பது. குழாய்களுக்குள் தங்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடித்திருக்கும்போதே மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து மூடிவிட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால், போன காற்று வந்த வழியே திரும்பிவிடும்.

"ம்" என்றார் நூலகர்.

"ம் இல்லங்க. அமுக்கிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. இது உங்க லைப்ரரி இல்ல."

"அமுக்கிட்டேன்" என்றார் அவர், அந்தக் குரலில் தமக்கே வியப்புற்றவராய்.

மாலைக்குள் வேலை முடிந்தது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்கள் வரை எல்லா ரப்பர்களும் புதியவை, குழாய்களும் புதியவை. எஞ்சினருகே உள்ள சிறு கிண்ணத்தில் பிரேக் ஆயிலை அதற்குரிய கோடு வரை நிரப்பி மூடினார் சிஸ்டர். எஞ்சியிருந்த ஆயில் டப்பாவைத் தூக்கிக் காட்டி, இதைத் தவிர வேறு எந்த எண்ணெயும் ஒரு சொட்டுக்கூட அதில் விழக் கூடாது, விழுந்தால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும் என்று கணவரிடமும் மகளிடமும் சொல்லிவைத்தார். பெரியவர் அதற்குள் எழுந்து போயிருந்தார். பிறகு வண்டியைத் தெருவில் எடுத்து, வேகமாகப் போய், சட்டென்று மிதித்தார். கார் நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையைத் தட்டினார். கீழ்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை ஒருமுறை அசைந்து அடங்கியது.

அதன்பின் சில வாரங்கள் சிஸ்டர் அந்தக் காரிலேயே மருத்துவமனைக்குப் போய்வந்தார். சமதளச் சாலை, சிரமமில்லை. இடையில் பெடல் சற்றுக் கடினமானதுபோல அவருக்குத் தோன்றியது. புது ரப்பர் இழைந்து வரக் கொஞ்ச நாளாகும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்துக்காகப் பின்னர் அவர் தம்மைத் தாமே கடிந்துகொண்டதுண்டு.

மகளுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. அவள் மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சி பெறும் மாணவி. கை நிதானம்தான் அவளுடைய சொத்து. தேர்வு நடக்கும் கல்லூரி மேட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிச் சரிவில் இறங்கினால் வரும். காலையில் தாயும் மகளும் புறப்படும்போது நூலகர் வாசலில் வந்து நின்றார்.

"பஸ்ல போயிடலாமே" என்றார்.

"ஏன்?"

"இல்ல, சரிவு. சும்மா சொன்னேன்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பல்லி கத்தினால்கூடப் பயணத்தைத் தள்ளிவைக்கிற மனிதர் என்று மகளிடம் சொன்னார். கார் கிளம்பிய பின்னும் நூலகர் வாசலிலேயே நின்றதைக் கண்ணாடியில் பார்த்தவள் மகள்.

மேட்டில் ஏறும்போதே வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் திணறியது. உச்சியை அடைந்ததும் கருகல் நாற்றம் வந்தது. சிஸ்டர் பெடலிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. நிறுத்திவிடலாம் என்று ஓரமாக ஒதுங்குவதற்குள் சரிவு தொடங்கிவிட்டது. சூடேறிய பிரேக் பட்டைகள் பிடிப்பை இழந்தன, ஆயிலும் கொதித்து ஆவியாக, வண்டி வேகமெடுத்தது. அவர் பெடலை மிதித்தார். அது எந்தத் தடையும் இல்லாமல், சேற்றில் கால் வைத்ததுபோல, தரைவரை இறங்கியது.

அறுவை அரங்கில் இரத்தம் பீறிடும்போது குரல் உயர்த்தாமல் பேசிப் பழகியவர் அவர். "காலை மடக்கி உக்காரு" என்று மட்டும் மகளிடம் சொன்னார். கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் போதவில்லை. சரிவின் முடிவில் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை தெரிந்தது. இடப்பக்கம் ஒரு சலவைக் கூடத்தின் நீண்ட மதில். காரை மெல்ல மெல்ல அந்த மதிலில் உரசவிட்டார். இரும்பு கிழியும் ஓசையோடு, கதவும் விளக்கும் போக, பிள்ளைகளின் வரிசைக்கு வெகு முன்பாகவே கார் நின்றது. முன்பலகையில் ஊன்றியிருந்த மகளின் வலக்கை மணிக்கட்டில் முறிந்திருந்தது.

அன்று மாலை மாடிக் கூடத்தில் குடும்பம் கூடியது. கட்டுப் போட்ட கையோடு மகள் சோபாவில் சாய்ந்திருந்தாள். பெரியவர் நடுநாற்காலியில் அமர்ந்து, தாம் முதல் நாளே சொன்னதாகவும், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும், பிரேக் என்பது கத்தரிக்கோலைப் பிடித்த கையால் ஆகிற காரியமில்லை என்றும், பெற்ற பெண்ணையே பலிகொடுக்கப் பார்த்த கதை ஆகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய மனைவி இடையிடையே "விடுங்களேன்" என்றார், அவர் விடவில்லை. நூலகர் தரையில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் பெரியவர் தீர்ப்பைச் சொன்னார்: காயலான் கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து காரை அப்படியே அள்ளிக்கொண்டு போவார்.

சிஸ்டர் மகளின் கட்டுக்குக் கீழே தலையணையைச் சரியாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பு என்னுதுன்னா காரை மட்டும் இல்ல மாமா, ஸ்பேனரையும் சேர்த்து அனுப்பிடறேன். இனி இந்த வீட்டுல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டேன். ஆனா பிரிச்சுப் பாக்காம பிணத்துக்குச் சான்றிதழ் எழுதற பழக்கம் எனக்குக் கிடையாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே பிரிக்கறேன்."

"இன்னும் அதைத் தொடணுமா நீ?"

"நான்தானே கட்டினேன். நான்தான் பிரிக்கணும்."

அதில் இருந்த உறுதியைக் கேட்டுப் பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி எறும்பைப் பார்த்தார்.

மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையே கொட்டகையில் தட்டுகள் மீண்டும் வரிசையாக வைக்கப்பட்டன. மகள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம் கையால் நடந்த பிழை என்ன என்பதைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் சிஸ்டர் ஆரம்பித்தார் என்பதை வாசகர்கள் நம்ப வேண்டுகிறேன். ஏதோ ஒரு சீலைத் தலைகீழாகப் போட்டிருப்போம், ஏதோ ஒன்று கிழிந்திருக்கும் என்றே அவர் தேடினார். தேடியதில் ஒன்றும் அகப்படவில்லை. திருகுகள் அனைத்தும் இறுக்கமாக இருந்தன. சீல்கள் அனைத்தும் சரியான பக்கம் பார்த்தே இருந்தன. ஆனால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வந்த ரப்பர்கள், மழையில் ஊறிய மொச்சைபோல உப்பியிருந்தன. சக்கரங்களில் இருந்தவையும் அவ்வாறே. எடுத்த துளைக்குள்ளேயே அவற்றைத் திரும்ப நுழைக்க முடியவில்லை.

ஒன்று கெட்டிருந்தால் அது கைப்பிழை. எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருந்தால் அது இரத்தத்தில் கலந்த நஞ்சு. செவிலியருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எழுந்து போய், குழாயை அடைத்து எஞ்சினருகே விட்டிருந்த சிறு கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். அவர் நிரப்பியது கோடு வரை. இப்போது அது வாய்வரை ததும்பிக்கொண்டிருந்தது.

பிரேக் பட்டைகள் தேயத் தேயக் கிண்ணத்தில் அளவு சற்று இறங்குவது இயல்பு. தானாக ஏறுவது எந்த உலகத்திலும் இல்லை.

"யாரும்மா ஊத்தியிருப்பாங்க?" என்று மகள் கேட்டாள்.

விபத்தன்று காலையில் வாசலில் நின்ற ஒரு முகம் சிஸ்டரின் நினைவில் வந்தது. "பஸ்ல போயிடலாமே." அவர் கையுறையைக் கழற்றி, மெல்ல மடித்து, தட்டின் ஓரத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வண்டியும் சங்கிலியுமாக வந்துவிட்டார். அவரையும் மாடிக்கு அழைத்து உட்காரவைத்தார் சிஸ்டர். சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் இருந்தது. தமக்கு ஒன்று என்று எண்ணிக் கடைக்காரர் கையை நீட்டப் போக, "அதைக் குடிக்காதீங்கண்ணே, உங்களுக்குக் காபி வருது" என்று தடுத்தார். பெரியவரும் மனைவியும் எதிரே அமர்ந்தார்கள். நூலகர் கதவருகே நின்றார்.

சிஸ்டர் முதலில் தமது ஆயில் டப்பாவைத் திறந்து, முதல் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினார். அது சர்க்கரைப்பாகுபோலத் தண்ணீரோடு கலந்து மறைந்தது. பிறகு காரின் கிண்ணத்திலிருந்து எடுத்துவைத்திருந்ததை இரண்டாவது தம்ளரில் ஊற்றினார். ஒரு பகுதி கலந்தது. மறுபகுதி மேலே ஏறி, மினுமினுக்கும் மஞ்சள் படலமாக மிதந்து நின்றது. எவ்வளவு கலக்கியும் அது கரையவில்லை.

"இது எஞ்சின் ஆயிலாச்சேம்மா" என்றார் கடைக்காரர், எட்டிப் பார்த்து. "இதைப் போய் யாராவது பிரேக்குல ஊத்துவாங்களா?"

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கடைகளில் இப்போது எல்லாமே கலப்படம் என்றும், சீல் உடைக்காத டப்பாவிலேயே கலந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். டப்பாவில் இருந்ததுதான் முதல் தம்ளரில் இருக்கிறது என்பதைச் சிஸ்டர் விரலால் காட்டினார். அப்படியானால் மருத்துவமனையில் நிறுத்தியிருந்தபோது யாரோ விஷமம் செய்திருப்பார்கள் என்றார் பெரியவர். காரின் முன்மூடியைத் திறக்கும் சாவி வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது என்று மகள் சொன்னாள்.

சிஸ்டர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. உப்பிப்போன ரப்பர்கள் இருந்த தட்டை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அந்த ஒரு பார்வையைத் தாங்குவதைவிட நூறு பேருக்கு எதிரில் அடிவாங்குவது எளிது என்று நூலகருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கதவைவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"அண்ணாதான் ஊத்தினாரு. நான் பாத்தேன்."

நூலகத்தில் பேசும் குரல் அன்று அது. கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

"ஒருநாள் இவ டியூட்டிக்குப் போகறதுக்கு முன்னாடி அண்ணா மூடியைத் திறந்து பாத்தாரு. அளவு கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. பாத்தியா உன் பொண்டாட்டி லட்சணம்னு சொல்லிட்டு, கீழ இருந்த டப்பாவைக் கொண்டு வந்து ஊத்தினாரு. அது வேற ஆயில்னு எனக்குத் தெரியும்."

"டேய்" என்றார் பெரியவர்.

"தெரியும் அண்ணா. இவ சொல்லியிருந்தா. நான் வாயைத் திறக்கல. உங்க மனசு நோகுமேன்னு இருந்துட்டேன். இவகிட்டயாவது தனியா சொல்லியிருக்கலாம். சொன்னா இவ உங்ககிட்ட வந்து கேப்பா, சண்டை வரும்னு அதையும் சொல்லல."

பெரியவரின் முகம் சிவந்தது. நல்ல எண்ணத்தில் செய்தது குற்றமாகிவிட்டதா என்று கேட்டார். கொஞ்சம் எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினேன். முப்பது வருடம் எத்தனை வண்டிக்கு ஊற்றியிருப்பேன் என்றார். பிறகு, எல்லோரும் எதிர்பார்த்திருந்த அந்தச் சொற்களையும் சொன்னார்.

"வயசுக்கு ஒரு மரியாதை இல்லாம போச்சா இந்த வீட்டுல? வெளியாள் முன்னாடி வெச்சு என்னை விசாரிக்கறீங்களா?"

"அன்னிக்கு என்னை விசாரிச்சப்ப எல்லாரும் இருந்தாங்களே மாமா" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை. "நான் அழுதேனா? பிரிச்சுப் பாக்கறேன்னு சொன்னேன். என் கையில தப்பு இருந்திருந்தா இதே மேசையில இதே தட்டுல வெச்சிருப்பேன். நீங்க செஞ்சது தெரியாத தப்பு. தெரியாததுக்கு நான் யாரையும் கோவிச்சுக்க மாட்டேன். ஊத்திட்டேன்மான்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒருநாள் வேலை. எல்லாத்தையும் வடிச்சுட்டுப் புதுசு ஊத்தியிருப்பேன். இவ கை உடைஞ்சு வந்தப்பறமும் நடு நாற்காலியில உக்காந்து எனக்குத் தீர்ப்புச் சொன்னீங்களே, அதுதான் தப்பு."

சிஸ்டர் கணவரிடம் திரும்பினார்.

"நீங்க. பஸ்ல போகச் சொன்னீங்களே, அப்பவும் காரணத்தைச் சொல்ல வாய் வரலையா?"

நூலகர் தலையை மட்டும் அசைத்தார்.

"எங்க தியேட்டர்ல வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சா, நேத்து வேலைக்குச் சேர்ந்த பொண்ணு சொன்னாலும் பெரிய டாக்டர் ஊசியைக் கீழ வெச்சாகணும். அவர் மனசு நோகும்னு அவ பேசாம இருந்தா, பஞ்சு உள்ளயே இருக்கும். படுத்திருக்கறவங்க சாவாங்க. அதனால அங்க மூத்தவங்க இளையவங்கன்னு பாக்கறதில்ல. பாத்ததைப் பாத்த உடனே சொல்லணும். இந்த வீட்டுல பெரியவங்க தப்பை மறைக்கறதுக்கு மரியாதைன்னு பேர் வெச்சிருக்கீங்க. அது வெறும் பயம். நிஜமா மரியாதை வெச்சிருந்தா, அண்ணா, நிறுத்துங்க, இது வேற எண்ணெய்ன்னு அவர் கையைப் பிடிச்சிருப்பீங்க. பெரியவரும் தப்பிச்சிருப்பாரு, இவ கையும் தப்பிச்சிருக்கும்."

காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். சிஸ்டர் அவரிடம், வண்டி விற்பனைக்கு இல்லை என்றும், வீணாக அலையவைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். இதே மாதிரிக் காரின் இடக்கதவு எங்காவது கிடைத்தால் தமக்குச் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டார். "சொல்லியனுப்பறேன் சிஸ்டர்" என்றார் அவர், எழுந்து நின்றபடி.

பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். இனி இந்த மாடிப்படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருடைய மனைவி மட்டும் ஒரு நிமிடம் நின்று, மகளின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுவிட்டுப் போனார். முன்பெல்லாம் அண்ணன் முகம் வாடினால் பின்னாலேயே ஓடிச் சமாதானம் செய்யும் நூலகர், அன்று போகவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்றே சொல்லியிருக்க வேண்டும், தம் பயத்தால்தான் இது நடந்தது என்று அவளிடம் சொன்னார். அவள் உடனே மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "இனிமே சொல்லுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் கொட்டகையில் தட்டுகள் மூன்றாம் முறையாக விரிக்கப்பட்டன. அதே ஸ்பிரிட், அதே வெள்ளைத் துணி, புதிய ரப்பர்கள். தெருவில் சிலர், இன்னுமா இந்த அம்மாளுக்கு ஆசை தீரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சிஸ்டர் அவர்களுக்குக் கேட்கும்படியாகவே, தீரவில்லை என்றார். மதிலின் கீறல்களோடு, ஒரு கதவு வேறு நிறத்தில் இருக்க, அந்தக் கார் இப்போது தண்ணீர்த் தொட்டிச் சரிவில் தயங்காமல் இறங்குகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

மிகையாகப் பேசிவிட்டேனோ என்று அஞ்சுகிறேன். ஆகவே இழந்தவற்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள், ரப்பர் சீல்கள் அனைத்தும் போயின. இடப்பக்கக் கதவும் விளக்கும் போயின. சலவைக் கூடத்தின் மதிலில் ஒரு பகுதி இடிந்தது. மகளுக்கு அந்த ஆண்டுச் செய்முறைத் தேர்வு போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு முன்புபோல முழுவதுமாகத் திரும்புவதில்லை. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து உண்ட ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோயிற்று. அண்ணன் தம்பியோடு பேசுவதில்லை. கணவர் ஒன்றைச் சொன்னால் மறுபடி கேட்காமல் நம்பும் வழக்கம் சிஸ்டருக்கு இருந்தது. அதுவும் போயிற்று, இன்னும் திரும்பவில்லை.